பஞ்சவர்ணம் வீட்டு ஆறு

கொரட்டூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடியதை நகராட்சிக்காரர்கள் மழைநீர்க் கால்வாய் என்பார்கள். தெருவில் அதற்குப் பெயர் நாத்தவாய்க்கால். எங்கள் வீட்டுக்காரம்மா சாமுண்டீஸ்வரி அதைப் பற்றிப் பேசவே மாட்டார். வாடகைக்கு ஆள் வந்தால் கூடத்தைக் காட்டுவார், சமையலறையைக் காட்டுவார், கொல்லைக் கதவை மட்டும் திறக்காமலேயே முன்பணம் வாங்கிவிடுவார். நாங்களும் அப்படி ஏமாந்து குடி வந்தவர்கள்தான். அதை ஆறு என்று சொன்ன ஒரே ஆள், பக்கத்துப் போர்ஷன் பஞ்சவர்ணம்.

எனக்கு அந்த வாய்க்காலைக் கண்டாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது. நான் வெள்ளானூர்க்காரி. சேற்றில் இறங்கி நாற்று நட்டவள்தான், ஆனால் அந்தச் சேறு வேறு. இது மேலே இருந்த கம்பெனிகள் கழுவிவிட்டதும் வீடுகள் கழுவிவிட்டதும் கலந்து, கறுப்பாக, நுரை கட்டி, கொசுவுக்கென்றே ஓடியது. மழைக்காலத்தில் மட்டும் ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் இதில் திரும்பும். அந்தக் கொஞ்ச நாள் இதற்கு நல்ல நேரம்.

பஞ்சவர்ணத்தின் கெட்ட நேரம், அவள் இதை முதன்முதலில் அந்த நல்ல நேரத்தில் பார்த்துவிட்டாள்.

எண்பத்தைந்தாம் வருஷம், ஐப்பசி. ஊரையே புரட்டிப் போட்ட மழை. பக்கத்துப் போர்ஷனில் இருந்த ரகுநாதன் அப்போதுதான் கல்யாணம் முடித்து அவளை அழைத்து வந்தார். அவர் ஆவடி பேக்டரியில் வேலை. அவருடைய அப்பா காலத்திலேயே தெற்கேயிருந்து பிழைக்க வந்துவிட்ட குடும்பம், பெற்றவர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெண் எடுக்க மட்டும் சொந்த ஜில்லாவுக்குப் போயிருந்தார். கமுதிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். கருவேலமரமும் வெயிலும்தான் அங்கே விளைச்சல். காய்ந்த கண்மாயில் குழி தோண்டி, ஊற்று சுரக்கக் காத்திருந்து, கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்புவார்களாம். ஒரு குடம் நிரம்புவதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிடலாம் என்பாள்.

அப்படிப்பட்டவள் நனைந்த புடவையோடு வீட்டுக்குள் வந்து, நேரே கொல்லைக் கதவைத் திறந்தாள். வாய்க்கால் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. செந்தண்ணீர், ஆகாயத்தாமரையை இழுத்துக்கொண்டு வேகமாக. படியில் உட்கார்ந்து கையை உள்ளே விட்டாள். நான் என் வாசற்படியிலிருந்து, பாம்பு வரும், உள்ளே போ என்று சத்தம் போட்டேன். அவள் திரும்பிப் பார்த்து, "இம்புட்டுத் தண்ணியும் எங்கக்கா போகுது?" என்றாள். கடலுக்கு என்றேன்.

"சும்மாவா?" என்றாள்.

சிரிப்பு வந்தது எனக்கு. பாவம், புதுப்பெண் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே இழுத்து உட்கார வைத்து விஷயத்தைச் சொல்லியிருந்தால் எத்தனையோ மிச்சம். ஆனால் மழையில் நனைந்துகொண்டு யார் அந்தக் கதையெல்லாம் பேசுவது?

தைப் பொங்கலுக்கு, தலைப்பொங்கல் என்று, ஊருக்குப் போனாள். அங்கே அவள் அம்மா தாயம்மாளைப் பெண்டுகள் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத மெட்ராஸ்காரனுக்கு, மாமனார் மாமியார் இல்லாத வீட்டுக்கு, பெற்ற மகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டாளே என்று. தாயம்மாளுக்குப் புருஷன் இல்லை, பதில் சொல்ல வாயும் இல்லை. பஞ்சவர்ணம் ஊற்றுக்குப் போன இடத்தில், அத்தனை பேருக்கும் நடுவில், எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ஆறு ஓடுகிறது என்று சொல்லிவிட்டாள். கதவைத் திறந்தால் தண்ணீர், உட்கார்ந்த இடத்தில் கையை விடலாம் என்று.

பொய் சொல்லவில்லை அவள். பார்த்ததைச் சொன்னாள். ஊற்றங்கரையில் பேச்சு நின்றுவிட்டது. அன்றிலிருந்து தாயம்மாளுக்கு வாய் வந்துவிட்டது.

திரும்பி வந்தாள். மாசியில் ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள். கொல்லையில் நின்றுகொண்டு, ஆத்துக்கு என்னக்கா ஆச்சு என்று கேட்டாள். முகம் வெளுத்திருந்தது. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாதது போலக் கேட்டாள்.

"ஒண்ணும் ஆவல. மழை நின்னுபோச்சில்ல? இதான் அதோட சொந்த நெறம்" என்றேன்.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் ஊரில் சொல்லிவிட்டு வந்ததையெல்லாம் எனக்குச் சொன்னாள். இதற்கா இவ்வளவு, அடுத்த தடவை போகும்போது சொல்லிவிடு, யார் தலையை வாங்கப் போகிறார்கள் என்றேன். சரி என்றாள்.

பிரசவத்துக்குப் போனபோது சொல்லத்தான் நினைத்திருக்கிறாள். ஆனால் அதற்குள் அந்த ஆறு ஊரில் வளர்ந்திருந்தது. தாயம்மாள் ஊற்றங்கரையில் நின்று அதை ஓட விட்டிருந்தார். எவளாவது தன் சம்பந்தி வீட்டுப் பெருமை பேசினால், அதெல்லாம் இருக்கட்டும், அங்கே தண்ணீர் உண்டா என்று ஒரே கேள்வி கேட்பாராம். மகள் வாயைத் திறந்தால் அம்மாவின் வாயை அடைக்க வேண்டும். பஞ்சவர்ணத்தால் முடியவில்லை. மீன் இருக்கிறதா என்று ஒருத்தி கேட்டதற்கு இருக்கிறது என்றாள். படித்துறை உண்டா என்றதற்கு உண்டு என்றாள். கைக்குழந்தையோடு திரும்பி வந்து என்னிடம் சொல்லும்போது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நான் நன்றாகத் திட்டினேன். மீன் கூடவா விட்டாய், முதலை ஒன்றையும் விட வேண்டியதுதானே என்றேன்.

அதற்குப் பிறகு அவளால் எந்தப் பக்கமும் போக முடியவில்லை. ஊருக்குப் போனால் ஆற்றைப் பற்றிக் கேட்பார்கள் என்று போவதைக் குறைத்தாள். இங்கேயும் அவளுக்குப் போக்கிடம் இல்லை. ரகுநாதன் ஷிப்டு முடிந்து வந்தால் தூங்குவார், எழுந்தால் போவார். கெட்ட மனுஷர் இல்லை, வீட்டில் இருப்பதே தெரியாது, அவ்வளவுதான். ரயில்வே கேட்டைத் தாண்ட அவளுக்குப் பயம். வாரத்தில் ஒரு நாள் என்னோடு மார்க்கெட்டுக்கு வருவாள். மற்றபடி முன்கதவைத் திறந்தால் தெரு, தெருவில் யாரோடும் அவளுக்குப் பேச்சு ஒட்டவில்லை, அவள் தமிழைக் கேட்டுப் பிள்ளைகள் கூடச் சிரித்தன. பின்கதவைத் திறந்தால் வாய்க்கால்.

எந்த வாய்க்கால் அவளை இந்த இக்கட்டில் மாட்டிவிட்டதோ, அதன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டாள். இதுதான் எனக்கு ஆச்சரியம். காலையில் குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டுப் படியில் உட்காருவாள். எந்த நேரத்தில் சாயத்தண்ணீர் வரும், எந்தப் பக்கம் கொக்கு இறங்கும், எருமை எந்த இடத்தில் கரை ஏறும் என்று வந்து சொல்லுவாள், நான் கேட்காவிட்டாலும். ஆகாயத்தாமரை ஊதாவாகப் பூத்தால் ஒரு கொத்தைப் பறித்து சாமி படத்துக்கு வைப்பாள். ஆடிப் பதினெட்டுக்கு வாழைமட்டையில் சூடம் ஏற்றி அதில் விடுவாள். அது நுரையில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிடும், ஒரு குச்சியை எடுத்துத் தள்ளிவிடுவாள். தெருவே கொல்லைப்பக்கம் வந்து நின்று வேடிக்கை பார்த்தது. ஆத்தங்கரையம்மா என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். எவராவது குப்பைக் கூடையை அதில் கவிழ்த்தால் மட்டும் வாயில்லாப் பூச்சிக்கு எங்கிருந்தோ வாய் வந்துவிடும். ஒரு தடவை சாமுண்டீஸ்வரியம்மாவையே பிடித்துக்கொண்டாள்.

"இன்னாமா நீ, சாக்கடைக்குப் போயி சண்டைக்கு வர்ற? குப்பைய வேற எங்க போடுறது, உன் ஊட்லயா?" என்றார் அந்த அம்மாள்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடப் போகிறார் என்று எனக்குப் பயம். அன்று மாலை அவளைக் கேட்டேன், உண்மையாகவே உனக்கு நாற்றம் பழகிவிட்டதா என்று. அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"பழகலக்கா. நாறத்தான் செய்யுது. அதுக்காகத் தண்ணிய வெறுக்க முடியுமா?"

ஒரே ஒரு வழி இருந்தது அவளுக்கு. ரகுநாதன் ஆவடியில் குவார்ட்டர்ஸுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அது கிடைத்துவிட்டால் இந்த வீட்டை விட்டுப் போய்விடலாம். ஆற்றங்கரையை விட்டு வந்துவிட்டோம், இப்போது குழாய்த் தண்ணீர் என்று ஊரில் சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை, யாருக்கும் தலைகுனிவும் இல்லை. கன்னியம்மன் கோயிலுக்கு அதற்காகவே விளக்குப் போட்டாள். அவரைவிட வேலையில் இளையவர்களுக்கெல்லாம் கிடைத்தது. இவருக்கு மட்டும் வரவில்லை.

தாயம்மாள் ஆற்றைப் பார்க்க வர வேண்டும் என்று வருஷா வருஷம் சொல்லி அனுப்புவார். பஞ்சவர்ணம் கரை வேலை நடக்கிறது, வெள்ளம் ஜாஸ்தி, குழந்தைக்கு அம்மை என்று தள்ளிக்கொண்டே வந்தாள். கடைசியில் மாட்டேன் என்று சொல்ல முடியாமல், ஐப்பசியில் வரச் சொன்னாள். மழை பெய்து வாய்க்கால் நிறைந்திருக்கும், அம்மா பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கணக்கு.

அந்த ஐப்பசியில் மழை வரவில்லை. தாயம்மாள் வந்துவிட்டார். கறுத்து மெலிந்த அம்மாள், காதில் தண்டட்டி, கையில் ஒரு துணிப்பை. பையில் குளிப்பதற்கு மாற்றுப்புடவையும், திரும்பும்போது ஆற்றுத் தண்ணீர் கொண்டு போக ஒரு செம்பும் வைத்திருந்தார்.

பஞ்சவர்ணம் கொல்லைக் கதவைப் பூட்டிவிட்டாள். கரை சரிந்து கிடக்கிறது, பாம்பு ஏறி வருகிறது, சாவி வீட்டுக்காரம்மாவிடம் இருக்கிறது என்று ஒரே மூச்சில் மூன்று காரணம் சொன்னாள். ஜன்னலைச் சாத்தினாள். பகல் முழுக்க சாம்பிராணி போட்டாள். அந்தப் புகையில் அம்மாவும் மகளும் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். தாயம்மாள் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி ஆத்தா, சரி ஆத்தா என்று தலையை ஆட்டினார்.

ஊருக்குத் திரும்ப வேண்டிய அன்று காலையில், பஞ்சவர்ணம் பால் வாங்கப் போயிருந்த நேரம், தாயம்மாள் என் வாசலில் வந்து நின்றார். உங்கள் வீட்டு வழியாகப் பின்னால் போகலாமா என்று கேட்டார். எனக்குச் சொல்லவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. கதவைத் திறந்துவிட்டேன்.

படியில் நின்று பார்த்தார். அன்றைக்கு வாய்க்கால் வழக்கத்தைவிடக் கறுப்பு. ஒரு செத்த கோழி ஒதுங்கிக் கிடந்தது. முந்தானையால் மூக்கை மூடுவார் என்று நினைத்தேன், மூடவில்லை. பிறகு கேட்டார்:

"சித்திரையிலயும் இது ஓடுமா தாயி?"

"ஓடும்மா. எந்நாளும் இப்படித்தான் ஓடிகினே கீது" என்றேன்.

"ஓடுதுல்ல. அது போதும்."

திரும்பி நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, தான் பார்த்ததை மகளிடம் சொல்லிவிட வேண்டாம் என்றார். "பிள்ள பயந்துக்கிட்டுக் கிடக்கு" என்றார். செம்பைக் காலியாகவே பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஊரில் போய், ஆறு எப்படி என்று கேட்டவர்களிடம், என் கண்ணாலேயே பார்த்தேன், கோடையிலும் வற்றாதாம் என்றாராம். பஞ்சவர்ணத்துக்கு இது தெரிய வந்தபோது, பூட்டிய கதவை அம்மா நம்பிவிட்டார், மகளின் மானத்துக்காகப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாய்க்கு அது பெரிய தண்டனை.

தொண்ணூற்றைந்து சித்திரையில் தாயம்மாள் இறந்துபோனார். தந்தி வந்து, ரகுநாதனுக்கு லீவு கிடைத்து, இவர்கள் போய்ச் சேர்வதற்குள் எரித்துவிட்டார்கள். மறுநாள் சுடுகாட்டில் எலும்பு பொறுக்கி வந்த பிறகு, தம்பி நாகப்பன் எல்லாச் சொந்தக்காரர்களுக்கும் நடுவில் சொன்னான். ஆத்தா தன்னை அக்கா வீட்டு ஆற்றில்தான் கரைக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறது என்று.

கூட்டத்தில் சலசலப்பு. ராமேசுவரம் இதோ இருக்கிறது, காசியிலிருந்தெல்லாம் அங்கே வருகிறார்கள், இங்கேயிருந்து மெட்ராஸுக்கா என்றார் ஒரு பெரியவர். பெண்கள் பக்கம் வேறு பேச்சு. கொடுத்து வைத்தவள் தாயம்மா, மகள் வீட்டு ஆற்றிலேயே போய்ச் சேருகிறாள் என்று அழுதார்கள். பஞ்சவர்ணம் ஒன்றும் பேசவில்லை. பேசுவதற்கான நாளெல்லாம் என்றோ போய்விட்டது.

பஸ்ஸில் நாகப்பன் மடியில் பானை, பக்கத்தில் இவள். மதுரையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாளாம். திருச்சியில் நினைத்தாளாம். விழுப்புரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது தம்பி என்று வாயெடுத்தாளாம், அவன் பானையை விட்டு இறங்க முடியாது, நீ குடித்துவிட்டு வா அக்கா என்று சொல்லிவிட்டான். அப்படியே கொரட்டூர் வந்துவிட்டார்கள்.

சாவுப் பானையை வீட்டுக்குள் கொண்டு வரக் கூடாது. வெளியே மரத்தில்தான் கட்ட வேண்டும். எங்களுக்கு மரம் என்று இருந்தது கொல்லையில் ஒரே ஒரு முருங்கை. அதனால் ரகுநாதன் அவனைச் சந்து வழியாக நேரே பின்பக்கம் அழைத்துப் போனார். நான் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். நாகப்பன் பானையைக் கட்டாமல், மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். சித்திரை வெயிலில் வாய்க்கால் கொதித்துக்கொண்டிருந்தது. தார் மாதிரி கறுப்பு.

"இதுலயாக்கா ஆத்தாவக் கரைக்கச் சொல்ற?" என்றான்.

சத்தமாகக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பத்து வருஷமாக ஊரே கேட்டுக்கொண்டிருந்த ஆறு இதுதானா, மீன் எங்கே, படித்துறை எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். ரகுநாதனுக்கு எதுவும் விளங்கவில்லை, சாவு வீட்டில் ஆறு என்று காதில் விழுந்ததை மெட்ராஸ் பக்கத்து ஏதோ ஆறு என்று எடுத்துக்கொண்டிருந்தார். கடலுக்குப் போகலாம், இரண்டு பஸ் மாறினால் போதும் என்றார். நாகப்பன் சரி என்று தலையாட்டினான். பஞ்சவர்ணம் படியில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். "போங்க. கொண்டு போயிருங்க" என்றாள். "நாந்தான் பொய் சொன்னேன், ஆத்தா என்ன பாவம் பண்ணுச்சு?"

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. செத்தவருக்குக் கொடுத்த வாக்கு செத்தவரோடு. நான் எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டு வழியாக அந்த அம்மாள் வந்ததை, இதே இடத்தில் நின்று பார்த்ததை, கோழி கிடந்ததைக் கூட விடாமல் சொன்னேன். சித்திரையிலும் ஓடுமா என்று கேட்டதைச் சொன்னேன். மகள் பயந்துகொண்டு கிடக்கிறாள் என்றதைச் சொன்னேன்.

"அவங்களுக்குத் தெரியும் பஞ்சவர்ணம். தெரிஞ்சுதான் கேட்டுகினாங்க. ராமேசுவரத்துல கரைச்சா, ஊர்ல நாலு பேரு கேப்பாங்க இல்ல, மக ஊட்டு ஆறு இன்னா ஆச்சுன்னு?"

நாகப்பன் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பஞ்சவர்ணம் நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் அப்படியே எழுந்து, கரையோரம் ஒதுங்கிக் கிடந்த பிளாஸ்டிக் பையையும் குப்பையையும் ஒரு கம்பால் விலக்கிவிட்டாள். இரண்டு கை அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது.

"எறங்கு தம்பி" என்றாள்.

அவன் முழங்கால் அளவுக்கு இறங்கினான். பானையைக் கவிழ்த்தபோது சாம்பல் உடனே போகவில்லை, கறுப்புத் தண்ணீர் மேல் வெள்ளையாகப் படர்ந்து நின்றது. பஞ்சவர்ணம் குனிந்து, அந்தப் பத்து வருஷத்தில் சொல்லாததைச் சொன்னாள்.

"இது ஆறு இல்ல ஆத்தா. சாக்கடை."

பிறகு மெதுவாக அது நகர்ந்தது. வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றோம். நாகப்பன் மேலே ஏறி, கால் கழுவத் தண்ணீர் கேட்டான். நான்தான் வாளியில் கொண்டுவந்து ஊற்றினேன். ஊரில் கேட்டால் என்ன சொல்வது என்று அக்காவைக் கேட்டான். அவள் காலி வாளியை எடுத்து ஓரமாக வைத்தாள். அவனே, ஆத்துல கரைச்சோம்னு சொல்லிடுறேன் என்றான். அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டான்.

அந்த ஆடியில் குவார்ட்டர்ஸ் வந்தது. ரகுநாதன் வாழ்க்கையில் முதல் தடவையாக இனிப்புப் பொட்டலத்தோடு வீட்டுக்குள் நுழைந்தார். இரண்டு அறை, மின்விசிறி, இருவேளையும் குழாய்த் தண்ணீர், சுற்றிலும் வேப்பமரம். மகளுக்கு நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம். பஞ்சவர்ணம் வரமாட்டேன் என்றுவிட்டாள். அந்த மனுஷர் கெஞ்சினார், கோபித்தார், சாப்பிடாமல் படுத்தார். உனக்காகத்தானே நடையாய் நடந்தேன் என்றார். கடைசியில் என்னிடம் வந்து, நீங்கள் சொன்னால் கேட்பாள் என்றார்.

எனக்கும் கோபம்தான். கொசு கடித்து, நாற்றத்தில் வெந்து, யாருக்கும் தெரியாமல் பொய்யைச் சுமந்து, ஒரு வழி பிறக்காதா என்று விளக்குப் போட்டவள், வழி பிறந்த பிறகு உட்கார்ந்துகொண்டால் என்ன அர்த்தம்? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்று கொல்லைப்பக்கம் போனேன். அவள் வழக்கமான படியில் இருந்தாள். நான் ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தைச் சொன்னேன், குழாயைச் சொன்னேன். அவள் வாய்க்காலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மட்டும் போக ஆசை இல்லையாக்கா?" என்றாள். "எங்க ஆத்தா இங்கன கெடக்கு. ஒத்தையில விட்டுட்டு நான் எங்கிட்டுப் போக?"

அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். குடி வந்த நாளிலிருந்து அந்தப் படியில் நான் உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தேன்.

நாறத்தான் செய்தது. விளக்கு வைக்கிற நேரம் வரை அங்கேயே இருந்தோம்.